சிவப்பு வண்டியின் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் உட்கார்ந்துகொண்டு பழைய டிராக்டர் பார்த்த பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லீவு நாளில் மற்ற வீட்டுவேலைக்காரப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், புடவைக் கடையில் ஏறி இறங்குவார்கள், நல்ல பிரியாணியாகத் தேடிப் போவார்கள். நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடி புளோக்கின் கீழே, தூண் ஓரமாகப் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மன்னார்குடி ரோட்டில் நிற்கிற ஏதோ ஒரு வண்டியின் இன்ஜினைக் கேட்பேன். அந்த முனையில் என் வீட்டுக்காரர் பானெட்டுக்குப் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"கேட்டியா? எப்படி இருக்கு?" என்பார்.

"சுத்தமா இருக்குங்க!" என்று நான் கத்துவேன். தூணுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் மனுஷன் எழுந்து என்னை முறைப்பார்.

கத்தித்தான் ஆக வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் காது போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஊரார் டிராக்டரை ஓட்டிச் சம்பாதித்தவர் அவர். சைலன்சர் முகத்துக்கு நேராக, மறைப்பு ஒன்றும் இல்லாமல், வருஷக்கணக்காக உட்கார்ந்தால் காது என்ன இரும்பா? பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் புரிந்துகொள்வார். வண்டி உறுமுவது கேட்கும். அந்த உறுமலுக்குள் நைஸாக ஒரு தட்டல், ஒரு கிறீச் இருந்தால் அது மட்டும் கேட்காது. நான் அனுப்பிய பணத்தில் வாங்கிய காது மிஷின் பீரோவுக்குள் கிடக்கிறது. விசில் அடிக்கிறதாம்.

இது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய விடமாட்டார். காது கேட்காத டிரைவர் என்று தெரிந்தால் யார் வயலை உழக் கூப்பிடுவார்கள்? பழைய வண்டி விற்கிற புரோக்கருக்குத் தெரிந்தால் அதோடு கதை முடிந்தது. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "அங்க இருக்குற மெக்கானிக்கு பூரா புரோக்கர்கிட்ட கமிஷன் வாங்குறவன் புள்ள" என்றார். அதனால் போகிற இடமெல்லாம் போனை எடுத்து, "வீட்டுல பாக்கணும்கிறாங்க" என்று என்னைக் கூப்பிடுவார். புரோக்கர்கள் சிரிப்பார்கள். "என்னண்ணே, சிங்கப்பூர் முதலாளியம்மா உத்தரவு குடுத்தாதான் வாங்குவீங்களா?" என்பார்கள். நான் இங்கிருந்து கத்துவதைக் கேட்டு, இந்தப் பஜாரியோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறார் பாவம் என்றுகூட நினைத்திருப்பார்கள். செவிடன் என்பதைவிட பொண்டாட்டிதாசன் என்று பெயர் வாங்குவது அவருக்குத் தேவலாம்.

என் காதை அவர் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. வாய்க்கால் பாலத்தில் வண்டி திரும்பும்போதே அது அவர் ஓட்டுகிற வண்டியா வேறு யாருடையதா என்று அடுப்படியில் இருந்தே சொல்லிவிடுவேன். வண்டிக்காரருக்கே தெரியாத ஒரு டிக்டிக் சத்தத்தை ஒரு தடவை நான் சொல்லி, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வால்வு தேய்ந்து போயிருந்தது. அன்றிலிருந்து, "எம் பொண்டாட்டி காது இருக்கே" என்று ஆரம்பித்துவிடுவார். தன் காது போன பிறகு அந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

டிராக்டர் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. இருக்கிற நிலம் கொஞ்சம். அதை உழ வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர்களின் வயலையெல்லாம் முடித்துவிட்டு, ஈரம் காய்ந்த பிறகு நமக்கு வருவான். சொந்த வண்டி இருந்தால் நம் வயலையும் நேரத்துக்கு உழலாம், அக்கம்பக்கத்திலும் உழுது நாலு காசு பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் நான் இங்கே இருக்கத் தேவையில்லை. இதுதான் கணக்கு. வண்டி வந்தால் நான் ஊருக்கு, வராவிட்டால் இன்னொரு இரண்டு வருஷக் காண்ட்ராக்ட்.

அந்த இரண்டு வருஷம் என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆகாது. கிளமெண்டியில் நான் வேலை செய்கிற வீட்டில் மேடம், சார், பக்கவாதம் வந்து படுத்த சாரின் அப்பா. நல்ல மனிதர்கள்தான், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அந்தப் பெரியவரைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து குளியலறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் தூக்குவது நான்தான். என் வலது தோளை அதற்கே எழுதிக் கொடுத்தாயிற்று. கொடியில் துணி போடக் கை தூக்கினால் உயிர் போய் வரும். சீக்கு என்று சொல்ல முடியாது, சொன்னால் டாக்டர், டாக்டர் என்றால் ஏஜென்ட், ஏஜென்ட் என்றால் ஆயிரம் பேச்சு. களைப்பு என்று ஒன்று சொல்வார்களே, தூங்கினால் போகும் என்று. இது தூங்கினால் போகவில்லை. எழுந்திரிக்கும்போதே கூட எழுந்திரித்தது.

மேடம் என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, பெர்மிட் ரினியூ பண்ணணும் லா. இந்த மாசத்துக்குள்ள சொல்லிடுங்க. நீங்க இல்லன்னா நாங்க வேற ஆள் பாக்கணும், தாத்தாவுக்கு புது ஆள் பழகணும்" என்று சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு, மனசுக்குள் டிராக்டரைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு நீல வண்டி பார்த்தார். பளபளவென்று புதுப் பெயின்ட். "இவ்ளோ பெயின்ட் அடிச்சிருக்கான்னா உள்ள என்னத்தையோ மறைக்கிறான்" என்று அவரே வேண்டாம் என்றார். அடுத்தது பச்சை. கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கலப்பை தரையில் உட்கார்ந்திருந்தது. தூக்கியது தூக்கியபடி நிற்க வேண்டும், இறங்கினால் ஹைட்ராலிக் போச்சு என்று எனக்கு விளக்கினார். ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், கையில் புகை அடித்தால் வேண்டாம். முன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார். மணல் டிரெய்லர் இழுத்த வண்டியா, சேறடித்த வண்டியா, டயரையும் பிரேக்கையும் பார்த்தே சொல்வார். யாரும் அவர் காதில் பூ சுற்ற முடியாது, சத்தம் ஒன்றைத் தவிர. அந்தச் சத்தத்துக்கு நான்.

வாராவாரம் நான் சொன்னதெல்லாம் ஒரே பதில். நீலம் சுத்தம், பச்சை சுத்தம். தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல ஒரு லேசான முனகல், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடிக்கிற அரியலூர்க்காரி, அவளும் என்னைப்போல வீட்டுவேலைக்காரிதான், ஒரு நாள் கேட்டாள்:

"ஏண்டி, உங்க ஊர்ல கெட்ட இன்ஜினே கெடையாதா?"

"உனக்கென்னடி தெரியும் இன்ஜினப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. எல்லாப் பொண்ணையும் லட்சணமா இருக்குங்கிற மாமியாரை நான் பாத்ததில்ல."

அவளைச் சும்மா கிட என்று அதட்டினேன். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தது சிவப்பு வண்டி. நடுத்தரமான வண்டி, எங்கள் நிலத்துக்கு அளவானது. பழைய பெயின்ட் பழையபடியே இருந்தது, அதுவே நல்ல அறிகுறி என்றார். கலப்பை இறங்கவில்லை. உள்ளங்கையில் புகை அடிக்கவில்லை. ஆர்.சி. புக்கு சுத்தம், பேங்க் கடன் பாக்கி இல்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, போனை இன்ஜின் பக்கம் நீட்டினார். எனக்குக் கேட்டது புரோக்கர் இருமியதும் அதே முனகலும்தான்.

"சொல்லு புள்ள."

"நல்லா இருக்குங்க. சுத்தமா இருக்கு. முடிச்சிடுங்க!"

"நல்லாக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேங்க! முடிங்க!"

அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மறு வாரம் திங்கட்கிழமை நல்ல நாள், அன்றைக்கு மீதியைக் கொடுத்து வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவது என்று பேச்சு. அரியலூர்க்காரிக்கு அன்றைக்கு நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே கிளமெண்டிக்குத் திரும்பி மேடமிடம், ரினியூவல் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேடத்துக்கு முகம் வாடிப்போயிற்று. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போட்டார். எனக்குத் தோள் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. என்ன ஒரு பைத்தியம்!

செவ்வாய்க்கிழமை மேடத்துக்கு வீட்டில் இருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். பெரியவருக்குச் சோறு விழுங்க வராது, காய்கறியோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்துத்தான் ஊட்ட வேண்டும். மீட்டிங் முடியட்டும் என்று நான் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது முடிகிற வழியாக இல்லை. உள்ளே பெரியவர் பசியில் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

மேடம் திரும்பிப் பார்த்து, "அரைங்கக்கா, பரவால்ல. அவங்களுக்குக் கேக்காது லா. மத்த சவுண்டெல்லாம் அதுவே கட் பண்ணிடும், என் வாய்ஸ் மட்டும்தான் போகும்" என்றார்.

அரைத்தேன். எங்கள் வீட்டு மிக்ஸி அடுத்த புளோக்குக்கே கேட்கும். திரையில் வெள்ளைக்காரர் ஒருவரும் சீனப்பெண் ஒருத்தியும் மேடம் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் புருவம்கூட அசையவில்லை. நான் சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

பெரியவருக்கு ஊட்டி முடித்து, மீட்டிங்கும் முடிந்த பிறகு, "மேடம், போன்ல பேசினாலும் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"வீடியோ காலா? ஆமாக்கா, எல்லாம் அப்படித்தான். ஏன்?"

ஏன் என்று சொன்னேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "வாங்க, டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்" என்று தன் போனில் இருந்து எனக்கு வீடியோ கால் போட்டுவிட்டு, என்னைப் பெரியவர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். மிக்ஸி ஓடுவது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. போனில் கேட்கவில்லை. போனில் மேடம், "கேக்குதாக்கா?" என்பது பளிச்சென்று கேட்டது. பின்னால் அதே முனகல். தண்ணீருக்கு அடியில் இருந்து.

நான் பெரியவரின் கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமும் நான் கேட்டது இன்ஜினை இல்லை.

மேடம்தான் வழி சொன்னார். கால் பண்ணாமல் தனியாக வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் சத்தம் உள்ளபடி வருமாம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில புரோக்கர்கிட்ட போயி, இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

"பாக்கணும்போல இருக்கு. அனுப்புங்களேன்."

புதன்கிழமை வீடியோ வந்தது. அடுப்படியில் நின்று கேட்டேன். செல்ஃப் ஸ்டார்ட்டர் இழுத்தது, இன்ஜின் பிடித்தது, உறுமியது. உறுமலுக்குள் டொக், டொக், டொக். ரேஸ் கொடுக்கக் கொடுக்க அதுவும் வேகமாக. டிக்டிக் என்று மேலே கேட்கிற சின்னத் தொல்லை இல்லை இது. அடியில் இருந்து, மூடிய கதவை யாரோ முட்டியால் தட்டுவதுபோல வருகிற சத்தம். இப்படித் தட்டிய வண்டி ஒன்று எங்கள் ஊரில் நடவு நேரத்தில் வயல் நடுவே நின்றுபோய், இன்ஜினையே இறக்கிப் பிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் சண்டைதான்.

வாய்விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். யாருக்குத் தெரியும்? அவருக்குக் கேட்காது. போன் சத்தத்தைத் தின்றுவிட்டது என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. திங்கட்கிழமை வண்டி வீட்டுக்கு வரும், மாசக் கடைசியில் நான் வீட்டுக்குப் போவேன். இன்ஜின் எத்தனை நாள் தாங்குமோ தாங்கட்டும், நிற்கிற அன்றைக்கு நான் ஊரில் இருப்பேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நடுவில் மேடம் புதிதாக வரப்போகிற பெண்ணின் போட்டோவை என்னிடம் காட்டி, "தாத்தாவத் தூக்க இவளுக்கு பலம் இருக்கும்ல?" என்று கேட்டார். சின்னப் பெண். தோள் இரண்டும் இன்னும் நன்றாக இருந்தன. இருக்கும் மேடம் என்றேன். குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான தூண் ஓரத்துக்குப் போகவில்லை. அரியலூர்க்காரி முகத்தைப் பார்த்தால் கொட்டிவிடுவேன். சிராங்கூன் ரோட்டில், காளியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரோடு முழுக்க ஆள். ஜூரோங் பக்கத்துக் கப்பல்பட்டறைப் பையன்கள் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரை வீடியோவில் கூப்பிட்டேன். வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, மண்ணைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டு வேர்வையோடு நின்றார். அந்த இடத்தை எனக்குக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"ஏங்க. வண்டி தட்டுது."

"என்ன?"

"தட்டுதுங்க! இன்ஜின் அடியில தட்டுது! வீடியோவுல கேட்டேன். அன்னிக்கு எனக்குக் கேக்கல. இந்த போன் ஆள் பேசுறதை மட்டுந்தான் அனுப்புமாம், மத்த சத்தத்தையெல்லாம் தின்னுடுமாம். மேடம் சொன்னாங்க!"

"அப்ப இத்தனை வாரமா நீ என்னத்தக் கேட்ட?"

"புரோக்கர் இருமுனத!"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மண்ணிலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"தட்டுதுன்னு எனக்குத் தெரியும் புள்ள."

"எப்படிங்க தெரியும்?"

"கால்ல தெரிஞ்சுது. ஏறி உக்காந்து மிதியில கால வச்சேன் பாரு, குதிகால்ல வந்து இடிச்சுது. காதுதான போச்சு, காலு போவலியே."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அட, உங்களுக்குப் புத்தி இருக்கா? தெரிஞ்சுக்கிட்டா அட்வான்ஸ் குடுத்தீங்க?"

"நீ சுத்தமா இருக்குன்ன. மறுக்கா கேட்டேன், அப்பவும் முடிங்கன்ன. எனக்குக் கால்லயே தெரியுது, உனக்கு அந்தக் காதுல தெரியாமயா போகும்? சரி, அவளுக்கு அங்க முடியல, வந்துடணும்னு சொல்றா, வாயத் தொறந்து கேக்க மாட்டேங்குறா, அப்படின்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் என்ன சொல்றது? வண்டி போனாப் போவுது."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி கைப்பையில் இருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. எத்தனையோ வருஷமாக மாசம் தவறாமல் பேசியிருக்கிறோம். பணம் வந்ததா, மழை பெய்ததா, உரம் போட்டாச்சா. முடியவில்லை என்று நானும் சொன்னதில்லை, வந்துவிடு என்று அவரும் சொன்னதில்லை. சொன்னால் மற்றவருக்குப் பாரம் என்று இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு, ஒரு பழைய இன்ஜினை நடுவில் வைத்துப் பேசியிருக்கிறோம்.

"இப்ப சொல்லு" என்றார். "நாளைக்கு வண்டிய எடுக்கவா, வேணாமா?"

எடுக்காவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான், அந்த இருமல்காரன் திருப்பித் தரமாட்டான். மறுபடி முதலில் இருந்து. மேடத்திடமே கெஞ்சி மறுபடி கையெழுத்து, மறுபடி பெரியவர், மறுபடி கட்டிலுக்கும் நாற்காலிக்கும். அவர் முகத்திலும் அதுதான் ஓடியது. கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் கீழே கிடந்த மண்கட்டியைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்காதீங்க. நானே வந்து பக்கத்துல நின்னு கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அழுகையில் குரல் எழும்பவில்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "என்ன? சத்தமாச் சொல்லு புள்ள."

அந்த நேரம் பார்த்து ஒரு மாடிப் பஸ் வந்து நின்று புஸ்ஸென்று மூச்சு விட்டது. கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ, எழுந்து நின்றேன்.

"வண்டி வேணாங்க! வண்டி இல்லாமலே வர்றேன்! நான் வந்து கேட்டுச் சொல்ற வரைக்கும் எதையும் வாங்காதீங்க! எனக்கு இங்க முடியலங்க!"

கப்பல்பட்டறைப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறப்போனவர்கள் ஏறாமல் நின்றார்கள். பார்க்கட்டும். அவர் போனைக் காதில் இருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. சிரித்த மாதிரியும் இருந்தது.

"கத்தாத" என்றார். "கேக்குது."